வாழ்பவருக்கா, வருபவருக்கா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, முடிந்ததும் காபி உண்டு என்று யாரோ சொன்னதை நம்பி உட்கார்ந்திருக்கும் கோவைப் பெருமக்களே, வணக்கமுங்க.

'வாழ ஏற்ற ஊர், தொழிலுக்கு ஏற்ற ஊர் என்று ஒரு நகரத்துக்குக் கிடைக்கும் பட்டத்தால் பயன் வாழ்பவருக்கா, வருபவருக்கா' என்பது தலைப்பு. வருபவருக்கே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கை, 2021 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட 'வாழ்வதற்கு எளிதான நகரங்கள்' பட்டியலை எடுத்து வீசினார். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள ஊர்களில் கோவை ஏழாம் இடம். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். நம்ம ஊரை நல்ல ஊர் என்று ஒருத்தர் சொன்னால் கை தானாக எழுந்துவிடுகிறது, என்ன செய்ய?

தட்டி முடித்த பிறகுதான் பட்டியலை முழுசாகப் பார்த்தேன். முதலிடம் பெங்களூருவுக்கு. சரி. இதே பட்டியலை 2018இல் முதன்முதலாகப் போட்டார்களே, அப்போது 111 நகரங்களில் பெங்களூருவுக்கு எத்தனையாவது இடம் தெரியுமா? ஐம்பத்தெட்டு! நடுவர் அவர்களே, இரண்டரை வருஷத்தில் சில்க் போர்டு சிக்னலில் வண்டி நகர ஆரம்பித்துவிட்டதா? அங்கே மகனையோ மகளையோ வேலைக்கு அனுப்பியிருக்கும் பெற்றோர் இந்த அரங்கில் நிறையப் பேர் இருப்பீர்கள், போன் போட்டுக் கேளுங்கள். மாறியது மதிப்பெண் போடும் முறை. பெரிய ஊர், சின்ன ஊர் என்று பட்டியலைப் பிரித்தார்கள். மக்களிடம் கருத்துக் கேட்டு அதற்கு 30 சதவீதம் வைத்தார்கள். மக்களைக் கேட்டது நல்ல காரியம்தான், அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதலிடம் வாங்கிய அந்த ஊரில் 2024 மார்ச்சில் என்ன நடந்தது? ஆழ்குழாய்க் கிணறுகள் வறண்டு, டேங்கர் லாரி எப்போது வரும் என்று அடுக்குமாடிக்காரர்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பெங்களூரை விடுங்கள், அது பக்கத்து மாநிலம். 'வாழ்க்கைத் தரம்' என்று அந்தப் பட்டியலிலேயே ஒரு தனிப் பிரிவு உண்டு. அதில் இந்தியப் பெருநகரங்களில் முதலிடம் சென்னை, அடுத்தது நம்ம கோவை. மக்களிடம் கருத்துக் கேட்டது 2020 ஜனவரியிலிருந்து மார்ச் வரை. அதற்கு ஆறு மாதம் முன்னால், 2019 ஜூலையில், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு போய்ச் சென்னைக்குக் கொடுத்தார்கள். ரயிலில் தண்ணீர் வாங்கிக் குடித்த ஊர், அடுத்த பட்டியலில் வாழ்க்கைத் தரத்தில் முதலிடம்! அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டலாம். மாட்டிய சுவருக்குக் கீழே வரிசையில் நின்ற பிளாஸ்டிக் குடங்களை எங்கே மாட்டுவது?

எதிரணித் தலைவர் உலக வங்கிக்கே போய்விட்டார். தொழில் தொடங்க எளிதான நாடுகள் வரிசையில் இந்தியா 142இலிருந்து 63க்கு வந்ததாம். வந்தது, மறுக்கவில்லை. அந்த மதிப்பெண்ணுக்கு இந்தியாவில் எத்தனை ஊர்களைப் பார்த்தார்கள் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. இரண்டே இரண்டு ஊர்! டெல்லி, மும்பை. பீளமேட்டில் பம்ப் செய்கிறவருக்கும் திருப்பூரில் பனியன் தைக்கிறவருக்கும் சேர்த்து டெல்லிக்காரர் பரீட்சை எழுதியிருக்கிறார். அப்புறம் சில நாடுகளின் கணக்கில் குளறுபடி என்று தெரியவந்து, 2021 செப்டம்பரில் அந்த அறிக்கையையே உலக வங்கி நிறுத்திவிட்டது.

சரி, பட்டியல் வருவதற்கு முன்னால் கோவைக்குத் தொழில் எப்படி வந்தது? 1930களில் நீலகிரி மலையிலுள்ள பைக்காராவிலிருந்து நீர்மின்சாரம் இறங்கி வந்தது. கரிசல் காட்டில் பருத்தி இருந்தது. மில்கள் வரிசையாக எழுந்தன. மில் மெஷின் பழுதானால் பார்க்கப் பட்டறை வந்தது, பட்டறையிலிருந்து மோட்டார் வந்தது, கிணற்றில் தண்ணீர் கீழே போகப் போகப் பம்ப் வந்தது. மாவாட்டிக் கை ஓய்ந்த வீடுகளுக்கு வெட் கிரைண்டர் வந்தது, அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. (அந்தக் குறியீடு பட்டம் இல்லையா என்று தங்கை கேட்கிறார். அம்மா, அது பொருளைச் செய்து காட்டிய பிறகு கொடுத்தது. அந்தப் பெயரை வேறு ஊர்க்காரர் போட முடியாது. செய்கிறவருக்குக் காப்பு.)

ஆவாரம்பாளையத்தில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறைக்காரர் ஒருவர். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின். முதலாளியும் அவர்தான், தொழிலாளியும் அவர்தான், டீ வாங்கப் போகிற பையனும் அவர்தான். பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க். காலைச் சுற்றி இரும்புச் சுருள் கிடக்கும், கையில் கூலன்ட் வாசம் எப்போதும் போகாது. அவரிடம் போய், நம்ம ஊர் ஏழாம் இடம் என்றேன். மெஷினை நிறுத்தாமலே கேட்டார்: "எதுலீங்க?" சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பேப்பரைக் காட்டினா கரண்ட் பில்லுல ஏதாச்சும் குறையுங்களா?"

சிரிக்கிறீர்கள். 2022 செப்டம்பரில் மின் கட்டணம் ஏறியது. ஆர்டர் இல்லாமல் மெஷின் சும்மா நின்றாலும் நிலைக் கட்டணம் கட்டியாக வேண்டும். ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, 2023 செப்டம்பர் 25 அன்று தமிழ்நாட்டுச் சிறுதொழில்காரர்கள் ஒருநாள் கதவடைத்தார்கள். பைக்காரா மின்சாரத்தால் எழுந்த ஊர் மின்சாரத்துக்காகவே கதவடைத்தது. ஏழாம் இடத்துச் சான்றிதழ் அப்போது எந்தப் பீரோவில் இருந்தது?

பட்டத்தைப் பார்த்துப் புதிய கம்பெனி வரும், வேலை வரும் என்கிறார்கள். வரட்டும். சரவணம்பட்டிப் பக்கம் வந்திருக்கிறது, நம்ம பிள்ளைகளுக்கு வேலையும் கிடைத்திருக்கிறது. அதைக் குறை சொன்னால் என் வாய் வேகும். ஆனால் அதுவும் யாருக்கான பயன்? பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எந்த ஊரில் கடை போடலாம் என்று பார்க்கிறவர் வருகிறவர்தானே? இங்கே ஏற்கெனவே கடை போட்டவருக்கு எந்தப் பட்டியல் வேண்டும்? அவருக்கு வேண்டியது ரசீதில் குறைகிற நூறு ரூபாய்.

மணியில் கை வைத்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே, முடித்துக்கொள்கிறேன். அந்தப் பட்டறைக்காரர் இன்று கூட்டத்துக்கு வருவதாக இருந்தது. முன்வரிசையில் நாற்காலிகூடப் பிடித்து வைத்தேன். ஆறு மணிக்குப் போன்: அவசர ஆர்டர், நாற்பது ஷாஃப்ட், விடிந்ததும் டெலிவரியாம். அந்த நாற்காலியில் இப்போது எதிரணித் தலைவரின் பை உட்கார்ந்திருக்கிறது.