சந்தா வேறு, பதிவு வேறு

அனைவருக்கும் வணக்கம். பிரிட்டனில் தடயவியல் உளவியலுக்குள், அதாவது சிறை, நீதிமன்றம் சார்ந்த உளவியல் பணிக்குள், நுழைகிறவர்கள் பலர் இரண்டு விஷயங்களை ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். பிரிட்டிஷ் உளவியல் சங்கத்தில் உறுப்பினராக இருப்பது ஒன்று. சுகாதார, பராமரிப்புத் தொழில்கள் கவுன்சிலின் பதிவேட்டில் இருப்பது இன்னொன்று. ‘தடயவியல் உளவியலாளர்’ என்ற பட்டப்பெயர் 2009 ஜூலை முதல் சட்டப் பாதுகாப்பு பெற்றது. சங்கத்துக்கு ஒழுங்காகச் சந்தா கட்டியிருந்தாலும், பதிவைப் புதுப்பிக்காமல் விட்டவருக்கு அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள உரிமை கிடையாது.

அதனால் சங்கம் வீண் என்றாகிவிடாது. சிறையில் ஒற்றை ஆளாக வேலை பார்ப்பவருக்கு, மற்ற சிறைகளிலும் மருத்துவமனைகளிலும் இதே வேலை எப்படி நடக்கிறது என்று தெரிய அதன் தடயவியல் பிரிவு உதவும்.

தொடர்கல்விக்கு வருவோம். இத்தனை மணி நேரம் படிக்க வேண்டும் என்று கவுன்சில் கணக்கு வைக்கவில்லை. பதிவு இரண்டு ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்படும், அப்போது கவுன்சில் 2.5 சதவீதம் பேரைத் தேர்ந்தெடுத்து, என்ன கற்றார்கள், அதனால் என்ன பயன் என்று காட்டும் தொடர்கல்விக் கோப்பு ஒன்றைக் கேட்கும். பலர் சறுக்குவது இங்கேதான். சான்றிதழ்களை அடுக்குவார்கள்; அவற்றால் வேலையில் என்ன மாறியது என்பது இருக்காது. எல்லாமே பயிலரங்காக இருக்கும். மேற்பார்வை, வாசிப்பு, சக பணியாளருடன் நடந்த விவாதம் எதுவும் இராது. கடைசி வாரத்தில் நினைவிலிருந்து எழுதினால் அப்படித்தான் வரும்.

ஓர் உதாரணம். வன்முறை இடரை மதிப்பிடும் எச்.சி.ஆர்.-20 கருவியின் மூன்றாம் பதிப்பு 2013இல் வந்தது. கடந்தகாலம் பற்றி 10, தற்போதைய நிலை பற்றி 5, இனிவரும் மேலாண்மை பற்றி 5 எனக் காரணிகள் 20. இரண்டாம் பதிப்பில் பழகிய கை 0, 1, 2 என்று போட்டுக் கூட்டப் பார்க்கும். மூன்றாவதில் அந்த எண்களே இல்லை. காரணி இருக்கிறதா, இந்த மனிதரின் வன்முறைக்கு அது எவ்வளவு பொருத்தம் என்று தனித்தனியே தீர்மானிக்க வேண்டும். ஆகவே கோப்பில் ‘பயிற்சி பெற்றேன்’ என்று எழுதினால் போதாது. ‘மொத்த மதிப்பெண் எழுதுவதை விட்டேன், எந்தச் சூழலில் வன்முறை வரக்கூடும், எப்படித் தடுக்கலாம் என்று எழுதத் தொடங்கினேன், பரோல் வாரியத்துக்குக் கண்காணிப்புத் திட்டம் தெளிவாகக் கிடைத்தது’ என்று எழுதுங்கள்.

நாம் கற்றதால் யாருக்குப் பயன் என்ற கேள்வியும் நம் துறையில் எளிதல்ல. அறிக்கையைக் கேட்பது நீதிமன்றம். மதிப்பிடப்படுபவரோ எதிரே உட்கார்ந்திருப்பவர். இருவருக்கும் என்ன கிடைத்தது என்று எழுதலாம், எழுதவும் வேண்டும்.

இன்னொன்று. கோப்பில் பெயரை அழித்தால் மட்டும் அடையாளம் மறைந்துவிடாது. செய்தித்தாளில் வந்த வழக்கென்றால் ஊர், ஆண்டு, குற்றத்தின் விதம் இவற்றில் இரண்டு சேர்ந்தாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். குற்ற விவரத்தை முழுவதும் விட்டுவிட்டு, நீங்கள் எடுத்த முடிவையும் அதற்கான காரணத்தையும் மட்டும் வையுங்கள்.