ஜி எழுதிய கடிதங்களும் காசிமேட்டுக்கு வந்த கடிதங்களும்

(ராயபுரத்தில் ஒரு படிப்பகத்தில் ஞாயிறு மாலை பேசியது)

அனைவருக்கும் வணக்கம். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைத் தெருக்களில் முப்பத்தொரு வருஷம் தபால் கொடுத்தவன் நான். போர்க்காலக் கடிதங்களைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். இரண்டு பேருடைய கடிதங்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

போர் நம் பகுதிக்குப் புதிதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் நம் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. உயர்நீதிமன்ற மதிலில் அதற்குக் கல்வெட்டு இருக்கிறது. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே மூட்டை கட்டியது. அதெல்லாம் வெளியே சொல்லக்கூடிய பயம். திண்ணையில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். வெளியே சொல்ல முடியாத பயத்தோடும் சிலர் போருக்குப் போனார்கள்.

இங்கிலாந்தில் கில்பர்ட் என்று ஒரு சிப்பாய். இரண்டாம் உலகப் போரில் விமான எதிர்ப்புப் பீரங்கிப் பிரிவில் பயிற்சிக்குப் போனவர். அவருக்குக் கட்டுக்கட்டாகக் காதல் கடிதங்கள் வந்தன. கீழே 'ஜி' என்று ஒற்றை எழுத்து. 2008-ல் கில்பர்ட் இறந்த பிறகு அந்தக் கடிதங்கள் விற்பனைக்கு வந்தன. ஆஸ்வெஸ்ட்ரி என்ற சிறு நகரத்தின் அருங்காட்சியகம் வாங்கியது. யாரோ காதலி எழுதியது என்றுதான் முதலில் நினைத்தார்கள். படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, ஜி ஓர் ஆண். அவரும் ராணுவத்தில் இருந்தவர். 1938-ல் ஒரு படகு வீட்டு விடுமுறையில் சந்தித்த இருவரும் 1945 வரை கடிதத்தில்தான் பெரும்பாலும் வாழ்ந்திருக்கிறார்கள்.

ராணுவக் கடிதங்களை அதிகாரி பிரித்துப் படிக்கும் காலம் அது. ஆணுக்கு ஆண் காதல் என்றால் சிறை. ஒரு கடிதத்தில் ஜி கெஞ்சுகிறார், என் கடிதங்களையெல்லாம் அழித்துவிடு என்று. இன்னொன்றில் அவரே ஆசைப்படுகிறார், இன்னும் தெளிந்த ஒரு காலத்தில் இவை அச்சாகி, நாம் எவ்வளவு காதலித்தோம் என்று உலகமே பார்த்தால் எப்படி இருக்கும் என்று. கில்பர்ட் அழிக்கவில்லை. அறுபது வருஷத்துக்கு மேல் கூடவே வைத்திருந்தார்.

இங்கிலாந்தில் 1967-ல் சட்டம் தளர்ந்தது, ராணுவத்துக்கு இல்லை. 1999-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்ன பிறகு, 2000 ஜனவரியில்தான் படையின் கதவு திறந்தது. இங்கே அந்தக் காதலைக் குற்றமாக்கி வைத்திருந்தது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு. 2018 செப்டம்பர் 6 அன்று உச்சநீதிமன்றம் அதன் பிடியைத் தளர்த்தியது. ஆனால் 1950-ன் ராணுவச் சட்டத்தில் 46-ஆம் பிரிவு இருக்கிறது: 'இயற்கைக்கு மாறான' நடத்தைக்கு ஏழு வருஷம் வரை சிறை. படையினரின் உரிமைகளைக் குறைக்க அரசியல் சாசனத்தின் 33-ஆம் பிரிவு நாடாளுமன்றத்துக்கு இடம் கொடுக்கிறது. தீர்ப்பு வந்த நாலாவது மாசம், ராணுவத்தில் இதை அனுமதிக்க மாட்டோம் என்றார் அப்போதைய தலைமைத் தளபதி. நாட்டுக்காக உயிரைக் கொடு என்று கேட்கிற இடம், உன் மனசு யாரிடம் இருக்கிறது என்று மட்டும் வாய் திறக்காதே என்கிறது. இது அநியாயம். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

இனி 1999-க்கு வருகிறேன். கார்கில் சமயம். காசிமேட்டில் ஐஸ் பார் உடைத்துப் படகில் ஏற்றுகிற பையன் ஒருவன் என்னை வழியில் மறித்தான். "அண்ணே, நம்ம பேருக்கு லெட்டர் வந்தா ஊட்டாண்ட குடுக்காதண்ணே. நானே வந்து வாங்கிக்கிறேன்." அனுப்புநர் இடத்தில் ஒரு சிப்பாயின் பேரும் '56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவத் தபால் நிலைய எண்ணும் இருக்கும். எந்த மலை, எந்த ஊர் என்று அந்த முகவரியை வைத்து யாராலும் சொல்ல முடியாது. கூட்டாளி போல என்று நினைத்துக்கொண்டேன். ஈரக் கையை லுங்கியில் நன்றாகத் துடைத்த பிறகுதான் கடிதத்தைத் தொடுவான்.

ஜூன் மாசம் கடிதம் வரவில்லை. தினமும் நின்றான். டீக்கடை டிவியில் சவப்பெட்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு நாள் கேட்டான்.

"தந்தி வந்தா யாருக்குண்ணே வரும்?"

"அவங்க ஊட்டுக்குத்தாண்டா."

"ஊட்டுக்கு மட்டுந்தானா?"

ஆமாம் என்றேன். வேறு ஒன்றும் கேட்காமல் போய்விட்டான். ராணுவப் பதிவேட்டில் அவன் யாருமில்லை. அந்தச் சிப்பாய் செத்திருந்தால், இவனுக்கு மூணாம் மனுஷன் வாயால்தான் தெரிந்திருக்கும்.

ஆகஸ்டில் கடிதம் வந்தது. அவன் ஓடி வந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. வாங்கிக்கொண்டு கேட்டான், "இதெல்லாம் எங்கண்ணே வெச்சிக்கிறது? ஊட்ல என்க்குனு ஒரு பொட்டி கூட இல்ல." ஒண்டுக்குடித்தனம், ஒரே அறையில் ஆறு பேர். என்னிடம் கொடுத்து வைக்கத்தான் கேட்டிருக்கிறான். எனக்கு அது உறைக்கவில்லை. "படிச்சிட்டியா, கிழிச்சிப் போட்ரு. அத்தப் போய் எதுக்கு சேத்து வெச்சினு கீற?" என்றேன்.

2017-ல் அந்த அருங்காட்சியகச் செய்தியைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அன்றைக்கு அவன் தலையாட்டினான். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கடிதத்தையும் தபால் நிலையத்து வேப்பமரத்தடியில் நின்று இரண்டு தடவை படிப்பான். பொடிப்பொடியாகக் கிழிப்பான். ஒரு துண்டைக்கூடத் தெருவில் போடமாட்டான். எல்லாவற்றையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவான்.