பூட்டிய நிரலும் கேட்டு வாங்கியவர்களும்

வணக்கம் நேயர்களே. வீட்டில் வைஃபை தருகிற ரவுட்டர் பெட்டிக்குள் ஒரு முழுக் கணினியே ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நடத்துகிற மென்பொருளின் மூலநிரலை, அதாவது நிரலாளர்கள் எழுதிய, படித்துத் திருத்தக்கூடிய சோர்ஸ் கோடை, கேட்டு வாங்கும் உரிமை பல நேரங்களில் நமக்கு உண்டு. பலருக்கு இது தெரியாது என்பதால்தான் இன்று இதைப் பேச வந்தேன்.

அமெரிக்காவின் லிங்க்சிஸ் நிறுவனம் 2002 இறுதியில் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டரைக் கொண்டுவந்தது. நீலமும் கறுப்புமான பெட்டி, பின்னால் இரண்டு ஆன்டெனா. நன்றாக விற்றது. 2003இல் சிஸ்கோ அந்த நிறுவனத்தையே வாங்கியது. அதே ஆண்டு நிரலாளர்கள் சிலர் அந்த ரவுட்டரின் ஃபர்ம்வேர் கோப்பை, அதாவது பெட்டியை இயக்குகிற மென்பொருளை, இறக்கிப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே இருந்தது லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளம்.

லினக்ஸை யாரும் எடுத்து விற்கலாம், தடையில்லை. ஆனால் அது வெளியிடப்படுகிற ஜிபிஎல் என்ற உரிமத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. விற்கிறவர் மூலநிரலையும் சேர்த்துத் தர வேண்டும். இல்லையென்றால், கேட்பவருக்குத் தருவதாகக் குறைந்தது 3 ஆண்டுகள் செல்லுபடியாகும்படி எழுதிக் கொடுக்க வேண்டும். லிங்க்சிஸ் மூலநிரலை வெளியிடவில்லை. சில்லு பிராட்காம் என்ற நிறுவனத்துடையது, பெட்டியைச் செய்தது தைவானில் இன்னொரு நிறுவனம். இத்தனை கை மாறும்போது உரிமம் யார் கண்ணிலும் படாமல் போயிருக்கலாம். இருந்தாலும், தன் பெயரைப் பொறித்து விற்கிறவர்தானே பொறுப்பு?

பயனர்கள் விடாமல் கேட்டார்கள். ஜிபிஎல் உரிமத்தை எழுதிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் லிங்க்சிஸுடன் பேசியது. சில மாதங்களில் மூலநிரல் வெளியே வந்தது. அதை வைத்து 2004இல் தொடங்கியதுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி. ரவுட்டருக்கென்றே தனி லினக்ஸ். தயாரித்தவர் கைவிட்ட பழைய பெட்டிகளுக்குக்கூட இன்றும் அதில் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கின்றன.

ஆனால் வந்தது முழு நிரல் அல்ல. பிராட்காம் சில்லின் வைஃபை டிரைவர், அதாவது அந்தச் சில்லை இயக்குகிற நிரல், மட்டும் பூட்டியே இருந்தது. அது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 2.4 என்ற பழைய பதிப்போடு ஒட்டிக்கொண்டிருந்ததால், வைஃபை வேண்டுமென்றால் புதிய கெர்னலுக்குப் போக வழியில்லை. அப்புறம் தன்னார்வலர்கள் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இரண்டு குழுவாகப் பிரிந்தார்கள். ஒரு குழு பூட்டிய டிரைவரை ஆராய்ந்து, சில்லு எப்படி இயங்குகிறது என்று விவரக் குறிப்பு எழுதியது. மற்றக் குழு அந்தப் பழைய நிரலைக் கண்ணால்கூடப் பார்க்காமல், குறிப்பை மட்டும் வைத்துப் புது டிரைவர் எழுதியது. நகலெடுத்தார்கள் என்று யாரும் வழக்குப் போட இடம் தரக் கூடாதல்லவா? அந்த டிரைவர் 2006இல் லினக்ஸ் கெர்னலிலேயே சேர்ந்தது. சம்பளமில்லாமல் இவ்வளவு பொறுமையாக உழைத்தவர்களை நினைத்தால் இன்றும் மனம் நெகிழ்கிறது.

இதற்கிடையே 2005இல் அந்த ரவுட்டரின் 5ஆம் பதிப்பில் நினைவகத்தைப் பாதியாகக் குறைத்து, லினக்ஸை எடுத்துவிட்டு விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற மூடிய மென்பொருளை வைத்தார்கள். ஆனால் லினக்ஸ் பெட்டியை விரும்பிக் கேட்டவர்கள் இருந்தார்கள். அவர்களுக்காக டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று தனியாக விட்டார்கள். அது பத்து ஆண்டுகளுக்கு மேல் விற்றது! மூலநிரலைத் திறந்தால் வியாபாரம் கெடும் என்று சொல்கிறவர்களுக்கு இதைவிட வேறென்ன பதில் வேண்டும்?

எல்லாம் சுமுகமாக முடியவில்லை. வேறு சில லிங்க்சிஸ் பொருட்களிலும் இதே குறை தொடர, 2008 டிசம்பரில் அறக்கட்டளை சிஸ்கோ மீது வழக்குத் தொடுத்தது. 2009 மே மாதம் சமரசம் ஆனது. உரிம விதிகளைக் கவனிக்கவே லிங்க்சிஸுக்கு ஒரு பொறுப்பாளரை நியமிக்க சிஸ்கோ ஒப்புக்கொண்டது.

உங்கள் டிவி, ரவுட்டர் எதுவானாலும் அமைப்புகள் பட்டியலில் ‘ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்’ என்ற பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே ஜிபிஎல் என்ற பெயர் தென்பட்டால், மாடல் எண்ணையும் ஃபர்ம்வேர் பதிப்பையும் குறித்து, மூலநிரல் வேண்டும் என்று தயாரிப்பாளருக்கு எழுதுங்கள். காரணம் எதுவும் சொல்லத் தேவையில்லை. பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதுங்கள்.

நன்றி, வணக்கம்.