தண்ணீர் அளந்த தூரம்

நேயர்களுக்கு வணக்கம்.

கலிஃபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில் இன்யோ என்றொரு கவுண்டி, அதாவது நம் மாவட்டம் போன்ற பகுதி, இருக்கிறது. பரப்பளவில் அந்த மாநிலத்திலேயே இரண்டாவது பெரியது. மக்கள்தொகையோ இன்றும் இருபதாயிரத்துக்குள்தான். மேற்கே சியரா நெவாடா மலைத்தொடர், கிழக்கே மரணப் பள்ளத்தாக்கு, இடையில் ஓவன்ஸ் ஆறு. இந்த வறண்ட பூமியில் ஒரு நாளில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை, அடுத்த தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பதே தீர்மானித்தது. அங்கே நடந்த போக்குவரத்தின் கதை முழுவதையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

முதலில் நடந்தவர்கள் பையூட் பழங்குடியினர். எரிமலைக் கண்ணாடிக் கல்லையும் உப்பையும் சுமந்துகொண்டு சியராவின் கணவாய்களைக் கடந்து மேற்குப் பக்கம் போய்ப் பண்டமாற்று செய்தார்கள். ஊற்று எங்கே, நிழல் எங்கே என்று அறிந்து போட்ட ஒற்றையடிப் பாதைகள் அவை.

1865 வாக்கில் செரோ கோர்டோ மலையில் வெள்ளி கிடைத்தது. சுரங்கம் இருந்த உயரம் 8,000 அடிக்கும் மேல். அங்கிருந்து எட்டு மைல் தூரத்துக்குள் ஏறக்குறைய 5,000 அடி இறங்கினால் ஓவன்ஸ் ஏரிக்கரை. உருக்கி வார்த்த வெள்ளி-ஈயக் கட்டிகள் அந்தச் சரிவில் வண்டியில் இறங்கி, பாலைவனத்தைத் தாண்டி 200 மைலுக்கு மேல் பயணித்து லாஸ் ஏஞ்சலஸ் சேர வேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்றவர் கியூபெக்கிலிருந்து வந்த ரெமி நாடோ. ஒரு நாள் ஓட்டத்துக்கு ஒன்று என்று வழிநெடுகத் தங்குமிடங்கள் அமைத்து, தண்ணீரும் தீவனமும் இருப்பு வைத்தார். திரும்பும் வண்டிகள் பார்லியும் வைக்கோலும் மளிகையும் ஏற்றி வந்தன. அன்று சிற்றூராக இருந்த லாஸ் ஏஞ்சலஸ் தலையெடுத்ததில் இந்த வியாபாரத்துக்குப் பெரிய பங்குண்டு.

ஏரியைச் சுற்றி மணலில் வண்டி இழுப்பது பல நாள் வேலை. அதனால் 1872-இல் 'பெஸ்ஸி பிரேடி' என்ற 85 அடி நீள நீராவிப் படகை ஏரியில் இறக்கினார்கள். சில மணி நேரத்தில் அக்கரை! ஆனால் படகு கொண்டுவந்து குவித்த வேகத்துக்கு வண்டிகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. தேங்கிக் கிடந்த கட்டிகளையே சுவராக அடுக்கி, மேலே துணி போர்த்தி, தொழிலாளர்கள் குடியிருந்தார்களாம்.

பிறகு வந்தது வெண்காரம் (போராக்ஸ்). 1880-களில் மரணப் பள்ளத்தாக்கின் ஹார்மனி ஆலைக்காகச் சீனத் தொழிலாளர்கள் உப்புப் படுகையில் அதை வாரிச் சேர்த்தார்கள். இரயில் நிலையம் இருந்த மொஹாவி 165 மைல் தொலைவு. போய்ச் சேரப் பத்து நாள். இரண்டு பெரிய வண்டிகள், பின்சக்கரம் ஒவ்வொன்றும் ஏழடி உயரம், சுமை 20 டன். பின்னால் 1,200 காலன் பிடிக்கும் தண்ணீர்த் தொட்டி. பதினெட்டுக் கோவேறு கழுதைகளும் இரண்டு குதிரைகளும் நூறடிக்கு மேல் நீண்ட வரிசையாய் இழுக்கும். ஓட்டுநர் கையில் ஒரே கயிறு: சீராக இழுத்தால் இடப்பக்கம், வெட்டி வெட்டி இழுத்தால் வலப்பக்கம். மலைவளைவில், கழுதை வரிசைக்கு நடுவே வண்டிவரை ஓடும் சங்கிலி உட்பக்கமாகச் சாய்ந்துவிடுமே, அப்போது குறிப்பிட்ட சில கழுதைகள் அந்தச் சங்கிலியைத் தாண்டிக் குதித்து, வெளிப்பக்கம் நோக்கி இழுத்து வண்டியைப் பாதையிலேயே நிறுத்தும். இத்தனை நுட்பத்தை அவற்றுக்குப் பழக்கிய வண்டிக்காரர்களின் பெயர்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. முதலாளிகளின் பெயர்கள் நிலைத்துவிட்டன. இது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

1883-இல் நெவாடா மாநிலத்திலிருந்து ஓவன்ஸ் ஏரிக்கரைக்கு இரயில் வந்தது. தண்டவாள இடைவெளி மூன்றடி. நம் பழைய மீட்டர் கேஜைவிடவும் கொஞ்சம் குறைவு. அதற்குள் செரோ கோர்டோ வெள்ளி வற்றிவிட்டது. பாதையைப் பார்வையிட்ட முதலீட்டாளர் டேரியஸ் மில்ஸ், முந்நூறு மைல் அதிகமாகவோ முந்நூறு வருஷம் முன்னதாகவோ போட்டுவிட்டோம் என்றாராம்.

1910-இல் தெற்கிலிருந்து இதைவிட அகலமான இரயில் பாதை வந்து இதனுடன் சேர்ந்தது. அதைப் போட்டதற்கு முக்கியக் காரணமே லாஸ் ஏஞ்சலஸ் நகரம் வெட்டிக்கொண்டிருந்த கால்வாய். அதற்கான சாமான்கள் வர வழி வேண்டியிருந்தது. அந்தத் திட்டத்தின் ராட்சத இரும்புக் குழாய்களையும் 52 கழுதைகள் பூட்டித்தான் இழுத்தார்கள். 1913-இல் ஓவன்ஸ் ஆற்று நீர் 233 மைல் தாண்டி நகரத்துக்குப் போனது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் படகு ஓடிய ஏரி வறண்டு, புழுதி கிளப்பும் உப்புக் களமாயிற்று. அந்தப் புழுதியை அடக்க அதே நகரம் இன்றும் செலவு செய்துகொண்டிருக்கிறது. வெள்ளி கொடுத்து வளர்த்த நகரத்துக்கே தண்ணீரையும் கொடுத்த பள்ளத்தாக்கு இது என்பதை அங்கே போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றடிப் பாதையில் 1960 வரை வண்டி ஓடியது. 395-ஆம் நெடுஞ்சாலையில் பயணம் செய்பவர்கள், பிஷப் ஊருக்கு அருகே லாஸ் (Laws) என்ற இடத்தில் உள்ள அருங்காட்சியகத்தில் பழைய நிலையத்தையும் ஒன்பதாம் எண் இன்ஜினையும் பார்க்கலாம். இண்டிபெண்டென்ஸ் ஊரில் பதினெட்டாம் எண் இன்ஜினை ஆர்வலர்கள் பழுதுபார்த்து மறுபடி ஓடவே வைத்திருக்கிறார்கள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.