அமெரிக்கக் கல்லூரி டென்னிஸ் கோச்சுக்கு அனுப்பும் வீடியோ: பதில் ஏன் வரவில்லை?

சரி, அடுத்த கேள்வி. கோயம்புத்தூரிலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். மகள் பத்தாம் வகுப்பு, 2028-ல் பிளஸ் டூ முடிப்பாள். ஏ.ஐ.டி.ஏ. (அகில இந்திய டென்னிஸ் சங்கம்) போட்டிகளில் ஆடுகிறாள். ஒன்பது நிமிஷ வீடியோ தயார் செய்து, அமெரிக்காவில் அறுபது டென்னிஸ் கோச்களுக்கு மெயில் அனுப்பியிருக்கிறார். ஒருவரும் பதில் போடவில்லை. வீடியோ சரியில்லையா, ஏஜென்ட் யாரையாவது பிடிக்க வேண்டுமா என்று கேட்கிறார். லிங்க்கும் அனுப்பியிருந்தார், பார்த்தேன்.

சார், பதில் வராததற்கு வீடியோ மட்டும் காரணமில்லை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் பெரிய அமைப்பு என்.சி.ஏ.ஏ. அதன் மேல்தட்டான 'டிவிஷன் ஒன்று' கல்லூரிகளில் டென்னிஸுக்கு ஒரு தேதி வைத்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு முடித்த பிறகு வரும் ஜூன் 15 வரை கோச் உங்கள் மகளோடு பேசவோ மெயில் எழுதவோ கூடாது. நீங்கள் அனுப்பலாம், அவர் படிக்கலாம், பதில்தான் போட முடியாது. டிவிஷன் மூன்று கல்லூரிகளுக்கும், என்.ஏ.ஐ.ஏ. என்ற இன்னொரு அமைப்பின் கல்லூரிகளுக்கும் இந்தத் தேதி கிடையாது. டிவிஷன் மூன்றில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் தர மாட்டார்கள், படிப்பைப் பார்த்து உதவித்தொகை தருவார்கள். என்.ஏ.ஐ.ஏ.வில் விளையாட்டுக்கே உண்டு. அதைச் சின்ன இடம் என்று ஒதுக்காதீர்கள். நம் மதுரை டென்னிஸ் வீரர் தக்ஷிணேஷ்வர் சுரேஷ் முதலில் ஆடியது ஜார்ஜியா குவினெட் என்ற என்.ஏ.ஐ.ஏ. கல்லூரியில்தான். அப்புறம்தான் டிவிஷன் ஒன்றில் ஆடும் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார், 2025-ல் அந்த அணி என்.சி.ஏ.ஏ. பட்டம் வென்றது.

இப்போது வீடியோ. முதல் ஒன்றரை நிமிஷம் கோப்பைகள், மாலை, பேப்பர் கட்டிங். பின்னணியில் பாட்டு. கல்யாண வீடியோவாக இருந்தால் நன்றாகவே இருக்கும். கோச் அதுவரை உட்கார்ந்திருக்க மாட்டார். உங்கள் மகளின் யூ.டி.ஆர். எண்ணை, அதாவது மேட்ச் முடிவுகளை வைத்து ஆட்டக்காரருக்குத் தரும் தர எண்ணை, அவர் ஏற்கெனவே பார்த்திருப்பார். எவ்வளவு ஜெயித்திருக்கிறாள், யாரிடம் தோற்றாள் என்பதெல்லாம் அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். எண்ணில் தெரியாததைப் பார்க்கத்தான் வீடியோவைத் திறக்கிறார். கால் எப்படி நகர்கிறது, இரண்டாவது சர்வில் தைரியம் இருக்கிறதா, ஒரு பாயிண்ட் போனதும் முகத்தையும் ராக்கெட்டையும் என்ன செய்கிறாள், இவைதான்.

அதனால் ஆரம்பத்தில் ஐந்து விநாடி போதும்: பெயர், 2028, யூ.டி.ஆர்., உயரம், வலக்கையா இடக்கையா, மெயில் முகவரி. உடனே ஆட்டம். மொத்தம் நான்கு நிமிஷத்துக்குள் முடியுங்கள். போனைக் கோர்ட்டின் பின்பக்க வேலியில், நடுவில், தலைக்கு மேல் உயரத்தில் மாட்டி, படுக்கை வாக்கில் எடுங்கள். பக்கவாட்டில் நின்று எடுத்தால் ஷாட் அழகாகத் தெரியும், பந்து எவ்வளவு ஆழமாகப் போய் விழுந்தது என்பது தெரியாது. கோச்சுக்கு வேண்டியது அதுதான். ஸ்லோ மோஷன் வேண்டாம். பாட்டும் வேண்டாம், பந்து மட்டையில் படும் சத்தம் கேட்கட்டும். வேலிக்கு வெளியிலிருந்து "அடி, அடி" என்று கத்துகிற அப்பாவின் குரலும் கேட்க வேண்டாம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எந்த மேட்ச்சை எடுப்பது? நீங்கள் போட்டிருப்பது 6-0, 6-1 ஜெயித்தது. எதிரே இருந்த பெண்ணால் பந்தைத் திருப்பவே முடியவில்லை. அதில் கோச்சுக்கு ஒன்றும் தெரியாது. சமமான அல்லது கொஞ்சம் மேலான ஆளோடு ஆடியதைப் போடுங்கள். தோற்ற மேட்ச்சாக இருந்தாலும் தப்பில்லை, நான் அதைத்தான் போடச் சொல்வேன். வெட்டாத ஒரு முழு செட்டைத் தனி லிங்க்காகக் கொடுங்கள். அக்கறை வந்த கோச் அதைத்தான் கேட்பார்.

அப்புறம் டபுள்ஸ். உங்கள் வீடியோவில் ஒரு பாயிண்ட்கூட இல்லை, நம் பிள்ளைகள் அனுப்புவதில் பெரும்பாலும் இருப்பதில்லை. அங்கே கல்லூரி மேட்ச் மூன்று டபுள்ஸோடு தொடங்குகிறது. அதில் இரண்டை எடுக்கும் அணிக்கு ஒரு புள்ளி. பிறகு ஆறு சிங்கிள்ஸ், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி, ஆக மொத்தம் ஏழு. அணிகள் 3-3 என்று நிற்கும்போது அந்த டபுள்ஸ் புள்ளியின் அருமை தெரியும். நெட்டில் நின்று பயமில்லாமல் வாலி (பந்து தரையில் படும் முன்பே அடிப்பது) அடிக்கிற பெண் என்றால் அதை ஒரு நிமிஷமாவது காட்டுங்கள்.

யூடியூபில் 'அன்லிஸ்டட்' (லிங்க் இருப்பவர் யாரும் பார்க்கலாம்) என்று போடுங்கள், 'பிரைவேட்' அல்ல. உங்கள் டிரைவ் லிங்க்கை நான் தொட்டபோது அனுமதி கேட்டது, அதை வாங்கித்தான் பார்த்தேன். அறுபது கோச்களுக்கும் அதேதான் வந்திருக்கும். எத்தனை வியூஸ் என்று பார்க்காதீர்கள். சரியான நான்கு பேர் பார்த்தால் போதும்.

மெயிலை மகள் எழுதட்டும். நீங்கள் ஒரே மெயிலில் அறுபது முகவரியையும் போட்டு, 'டியர் கோச்' என்று தொடங்கியிருக்கிறீர்கள். அதற்குப் பதிலாகக் கல்லூரி டென்னிஸ் அணியின் பட்டியலைத் திறந்து பாருங்கள். 2028-ல் யார் யார் படிப்பை முடித்து வெளியேறுகிறார்கள், அணியில் இருப்பவர்களின் யூ.டி.ஆர். மகளுடையதோடு எவ்வளவு நெருக்கம் என்று பார்த்து இருபது கல்லூரிகளைத் தேர்ந்தெடுங்கள். தலைப்பிலேயே பெயர், 2028, யூ.டி.ஆர். வரட்டும். உள்ளே ஆறேழு வரி, அதில் ஒன்றாவது அந்தக் கல்லூரிக்கு மட்டுமே பொருந்துவதாக இருக்கட்டும். துணை கோச்சுக்கும் தனியாக அனுப்புங்கள், ஆள் தேடும் வேலை பல இடங்களில் அவரிடம்தான் இருக்கும்.

ஏஜென்ட் விஷயம். நல்லவர்களும் இருக்கிறார்கள். ஆனால் லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஒரே மெயிலை நூறு பேருக்குத் தட்டிவிடுவதுதான் சேவை என்றால், அதை நீங்கள் ஏற்கெனவே இலவசமாகச் செய்துவிட்டீர்கள்.

பரீட்சை முடிந்ததும் புது வீடியோ எடுங்கள். ஜூன் 15 அன்று டிவிஷன் ஒன்று கோச்களுக்கு மகள் மறுபடி எழுதட்டும். இன்னொன்று, ஒன்பதாம் வகுப்பு மார்க் ஷீட்டை இப்போதே தேடி எடுத்து வையுங்கள். என்.சி.ஏ.ஏ. தகுதி பார்க்கும்போது ஒன்பதிலிருந்து கேட்பார்கள், அப்போது பள்ளிக்கு அலைய வேண்டாம்.