மாடு வந்தாத்தான் தே: சுங்கை சிப்புட்டில் ஒரு சாயங்காலம்

வணக்கம் மக்களே! இப்ப மலேசியாவுல, பேராக்ல இருக்கிற சுங்கை சிப்புட்ல இருக்கேன். டவுனை விட்டுக் கொஞ்ச தூரம் மோட்டர்ல வந்தாலே ரெண்டு பக்கமும் செம்பனைதான். அதோட ஓரத்துல இந்தப் பலகை வீடு, பின்னால மாட்டுக் கொட்டகை. என் கூட்டாளியோட அத்தை வீடு. வாசல்ல கால் வெச்சதுமே "வாம்மா, பசியாறியா?"ன்னு கேட்டுட்டாங்க, அப்புறம் எனக்கும் அத்தைதான். முகத்தைக் காட்டக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. மாட்டைக் காட்டலாமாம்.

மணி நாலாகப் போகுது, தே, அதான் டீ, இன்னும் வரல. ஏன்னா மாடு இன்னும் வரல. விடிகாலைல ஒரு தடவை கறப்பாங்க, சாயங்காலம் ஒரு தடவை. ரெண்டாவது கறவை முடிஞ்சாத்தான் அடுப்புல சட்டி ஏறும். முன்னெல்லாம் இந்த ஏரியா பூரா பால் மரம், அதான் ரப்பர். இருட்டுலயே பெரட்டுக்கு, அதான் ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, போனவங்க பால் வெட்டி, தூக்கி, நிறுத்துக் கொடுத்துட்டு லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வந்து குளிக்கிற நேரமும் இதுதான். அதனால நாலு மணி தேங்கிறது பங்களாத் துரைகிட்டப் பார்த்துப் பழகினதுன்னு யாராச்சும் சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன் லா. நம்ம வீட்டுல கடிகாரத்தைத் திருப்பினது மாடு.

வெள்ளைக்காரங்க கதை வேற. 1840 வாக்குல பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னாவுக்கு மத்தியானத்துக்கும் ராத்திரிக்கும் நடுவுல பசிச்சுதாம், அதுலருந்துதான் இந்தப் பழக்கம்னு சொல்வாங்க. பண்ணை வீட்டு தேன்னா டெவன், கார்ன்வால் பக்கம்தான் பேரு. ஸ்கோன், ஜாம், அப்புறம் கிளாட்டட் கிரீம். டெவன்ல கிரீமை முதல்ல தடவுவாங்க, கார்ன்வால்ல ஜாமை. அதுக்கு ஒரு தீராத சண்டை! கார்ன்வால் பேரைப் போட்டு அந்தக் கிரீமை விக்கணும்னா குறைஞ்சது 55 சதவீதம் கொழுப்பு இருக்கணும். பாலை மெதுவாச் சூடாக்கி, ஆற விட்டு, மேல கட்டுறதை எடுக்கிறாங்க. அத்தைகிட்ட படத்தைக் காட்டினேன். "பாலாடை! இதுக்கா பிளேன் ஏறிப் போறாங்க?"

இதோ வந்துட்டாங்க, பாருங்க பாருங்க! முன்னால வர்ற கறுப்பு வெள்ளை கிராஸ் மாடு, ஃப்ரீசியனும் சாஹிவாலும் கலந்தது. மாஃப்ரிவால்னு மலேசியாவிலயே உருவாக்கின இனம் இந்தக் கலப்புதான். பின்னால வர்ற சின்ன மாடு நம்ம ஆளுங்க அந்தக் காலத்துல இந்தியாவுலருந்து கொண்டாந்த மாடுங்களோட வம்சம். பால் கம்மி, ஆனா இந்த வெயிலைத் தாங்கும். அத்தைக்குச் செல்லம் அதுதான்.

சரி, அடுப்புக்கு வருவோம். பால் தனியாக் கொதிக்குது. இன்னொரு சட்டில தூள் தே, தட்டின இஞ்சி. சாயம் நல்லா இறங்கினதும் வடிகட்டி, பாலை ஊத்தி, சீனி போட்டு ரெண்டே ரெண்டு ஆத்து. கடைல மாதிரி ஒரு முழம் இழுக்கிறதெல்லாம் இல்ல. கடைல பாலுன்னு ஊத்துற டின்னைத் திருப்பிப் படிச்சிருக்கீங்களா? நிறைய டின்ல "கிரிமர் மானிஸ்", அதாவது இனிப்பு கிரீமர்னுதான் இருக்கும், உள்ள செம்பனை எண்ணெய். அங்க செம்பனையே டின்னுக்குள்ள போயிடுது. இங்க செம்பனைக்கு அடியில முளைச்ச புல்லு மாட்டு வயித்துக்குள்ள போய் கிளாஸுக்கு வருது. ம்ம்... குடிச்சாத்தான் தெரியும் வித்தியாசம். கனமா இருக்கு, ஆனா நாக்குல ஒட்டல.

தொட்டுக்க அவிச்ச மரவள்ளிக் கிழங்கு, மேல தேங்காய்ப் பூவும் சீனியும். ஜப்பான்காரன் காலத்துல, 1942லருந்து 45 வரைக்கும், அரிசி இல்லாம இதைத் தின்னே காலத்தை ஓட்டின சனம். அத்தையோட அம்மா அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் கிழங்கைத் தொடவே இல்லையாம். அத்தைக்கு அந்த வெறுப்பு கிடையாது, கொல்லைல தானா வளருதேங்கிறாங்க. அப்புறம் ஈப்போ புந்தோங்லருந்து வந்த முறுக்கு. நல்லா இருக்கு, ஆனா கிழங்கு முன்னால நிக்கல.

ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். மாட்டை வெளியே எடுங்கன்னு செம்பனைத் தோட்டத்துலருந்து அத்தைக்குக் கடிதாசி வந்திருக்கு. கன்னு நட்ட இடத்துல மாடு புகுந்தா குருத்தைக் கடிச்சிடும், அது நியாயம்தான், அத்தையும் அங்க விடுறதில்ல. ஆனா வளர்ந்த மரத்துக்கு அடியில மாடு மேய்ஞ்சா புல்லுக்கு மருந்தடிக்கிற செலவு குறையுது, சாணியும் மண்ணுக்குத்தான் போகுது. செம்பனைக்குள்ள மாடு வளருங்கன்னு அரசாங்கமே திட்டம் போட்ட நாடு இது. லயத்தை இடிச்சு எல்லாரையும் தாமானுக்கு, அதான் டவுன் குடியிருப்புக்கு, அனுப்பியாச்சு. தாமான் வீட்டுல மாட்டை எங்க கட்டுறது, காடி நிறுத்துற இடத்துலயா?

தைப்பூசத்துக்கு மட்டும் எல்லாருக்கும் இந்த வீட்டு வழி ஞாபகம் வந்துடும். ஈப்போ குனோங் சீரோ கோயிலுக்குப் பால்குடம் எடுக்கிறவங்க முன்கூட்டியே சொல்லி வெச்சிடுவாங்க. மத்த நாள்ல வாங்குறவங்க கொஞ்சப் பேர்தான்.

உங்க ஊர்லயும் மாட்டுப்பால் கறக்கிற வீடு ஒண்ணாவது இருக்கும், விசாரிங்க. போத்தல் நீங்களே கழுவிக் கொண்டு போங்க, அஞ்சு மணிக்குள்ள போயிடுங்க. இங்க அதுக்கப்புறம் சாப்பாட்டுக் கடைக்காரர் வந்து மிச்சத்தை மொத்தமா எடுத்துட்டுப் போயிடுவாரு. பாலைக் காய்ச்சாமக் குடிக்காதீங்க, இது அத்தை போட்ட உத்தரவு. இருங்க, இன்னொரு கிளாஸ் ஊத்துறாங்க... அத்தை, பாதி போதும்! ஐயோ, பாதி!