வலையில் ராக்கெட் துண்டு விழுந்தால்

(ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் ஏவுதளத்துக்குப் பக்கத்து ஊரான சூலூர்பேட்டையில் பொங்கலை ஒட்டி நடந்த பட்டிமன்றம். தலைப்பு: நாடுகளை ஒன்று சேர்ப்பது அறிவியலா, சட்டமா? ‘சட்டமே’ அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் ஐயா அவர்களே, எங்க அணித் தலைவர் அவர்களே, எதிரணியில் சீறி முடிச்சுட்டுத் தண்ணி குடிச்சுக்கிட்டிருக்கிற அண்ணன்மாரே, அக்காவே, ஜன்னல் அதிர்ந்தாலும் “ராக்கெட்டுதானே”ன்னு சோத்துல கைவெச்சபடியே இருக்கிற சூலூர்பேட்டை மக்களே, தடாவுலேர்ந்தும் ஆரம்பாக்கத்துலேர்ந்தும் வந்து கடைசி ரயிலை மறந்துட்டு உட்கார்ந்திருக்கிற உறவுகளே, எல்லாருக்கும் வணக்கம்.

எதிரணி அக்கா முடிக்கும்போது ஒண்ணு சொன்னாங்க. “அறிவியல் கை குலுக்கும், சட்டம் கைவிலங்கு மாட்டும்.” நீங்க கைதட்டினீங்க. நானும் தட்டினேன், நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அக்கா, ராக்கெட் விடுறதுக்கு முன்னாடி இஸ்ரோ தலைவரே நம்ம செங்காளம்மன் கோயிலுக்கு வந்து கும்பிட்டுப் போறாரு. அந்த அம்மன்கிட்ட நாம எப்படி வேண்டிக்கிறோம்? “தாயே, பையனுக்கு வேலை கிடைச்சா நூத்தியெட்டுத் தேங்கா.” கிடைக்கலைன்னா? ஒரு தேங்கா கிடையாது! பெத்த தாய் மாதிரி இருக்கிற சாமிகிட்டயே ஷரத்து வெச்சுப் பேசுற சனம் நாம. நாட்டுக்கும் நாட்டுக்கும் நடுவுல வெறும் கைகுலுக்கல் போதும்னா எப்படி?

சினேகம்னே வெச்சுக்குவோம். எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் எவ்வளவு நெருக்கம்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒருத்தர் சென்னைக் கோட்டையில, ஒருத்தர் ஐதராபாத்துல. மெட்ராஸ் தவிச்ச வாயா நிக்குது. “அண்ணே, தண்ணி அனுப்புங்க”ன்னு போன்ல சொன்னா முடிஞ்சிருக்காதா? முடியலையே! 1983-ல உட்கார்ந்து எழுதினாங்க. கிருஷ்ணாவுலேர்ந்து 15 டி.எம்.சி., வழியில ஆவியானது கசிஞ்சது போக 12 எல்லைக்கு வந்து சேரணும்னு கணக்குப் போட்டு எழுதினாங்க. தண்ணி ஊத்துக்கோட்டை பக்கம் எல்லையில இருக்கிற ஜீரோ பாயின்ட்டைத் தாண்டினது 1996-ல. ரெண்டு பேருமே அதைப் பார்க்க இல்லை. சினேகம் அவங்களோட போயிடுச்சு ஐயா. இன்னிக்கும் தண்ணி குறைஞ்சா எடுத்துக் காட்டுறதுக்கு நம்ம கையில இருக்கிறது அந்தக் காகிதம்தான்.

இப்ப அண்ணன் போட்ட பெரிய குண்டுக்கு வரேன். கிரையோஜெனிக். அதான், ரொம்பக் குளிர வெச்சு திரவமாக்கின எரிபொருள்ல ஓடுற ராக்கெட் எஞ்சின். 1992-ல அமெரிக்கா இஸ்ரோ மேலயும் ரஷ்யாவோட விண்வெளி நிறுவனமான கிளாவ்காஸ்மாஸ் மேலயும் தடை போட்டுச்சு, 1993-ல ரஷ்யா தொழில்நுட்பம் தர மாட்டேன்னு பின்வாங்கிடுச்சு, ஏழு எஞ்சினை மட்டும் கொடுத்துட்டுக் கையை விரிச்சுது. “பார்த்தீங்களா, சட்டம் போட்ட சுவரு”ன்னாரு அண்ணன். சுவருதான். மறுக்கலை. ஆனா அன்னிக்கு விஞ்ஞானிங்க கை குலுக்கலையா? குலுக்கிட்டுத்தானே இருந்தாங்க! இந்தப் பக்கம் ஆசை, அந்தப் பக்கம் சம்மதம், நடுவுல அறிவியலுக்கு ஒரு குறையும் இல்லை. அப்படியும் நடக்கலைன்னா, நாடுகளைச் சேர்க்கிறதும் பிரிக்கிறதும் எதுன்னு அண்ணனே நிரூபிச்சுக் கொடுத்துட்டாரு. சுவர் கட்டினவன்தான் கதவும் வைக்க முடியும். 2009-ல அமெரிக்காவோட ஒரு உடன்பாடு. அமெரிக்க உதிரிபாகம் இருக்கிற செயற்கைக்கோள் நம்ம ராக்கெட்ல ஏற வழி பிறந்துச்சு. 2011-ல இஸ்ரோ அமைப்புகளைத் தடைப் பட்டியல்லேர்ந்து எடுத்தாங்க. 2014 செப்டம்பர்ல டொராண்டோவுல இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்யற நிசார்ங்கிற ரேடார் செயற்கைக்கோளுக்குக் கையெழுத்துப் போட்டாங்க. 2025 ஜூலை 30 சாயந்தரம் 5.40-க்கு இங்கே மாடியில நின்னு பார்த்தீங்களே, அதுதான். எந்த எஞ்சினை நமக்குக் கொடுக்கக் கூடாதுன்னு அந்த நாடு அடம்பிடிச்சுதோ, அதே வகை எஞ்சினை நாமளே செஞ்சு, அதுமேல அவங்களோட ரேடாரையும் தூக்கிட்டுப் போனோம்.

நேர்மையா ஒண்ணு ஒத்துக்கறேன். 2014 ஜனவரியில நம்ம எஞ்சின் வெற்றியா எரிஞ்சது. அது எரிஞ்சிருக்கலைன்னா நிசாரை ஏத்த நம்மகிட்ட ராக்கெட்டு ஏது? அது அறிவியலோட பங்கு. அந்த மார்க்கை ஐயா அவங்களுக்கே போட்டுக்கட்டும். எங்க கேள்வி அடுத்தது: விட்ட ராக்கெட் அடுத்தவன் மண்ணுல விழுந்தா?

நம்ம பி.எஸ்.எல்.வி. ராக்கெட், பூமியோட வட, தென் துருவங்களுக்கு மேலா சுத்துற துருவப் பாதைக்குப் போகும்போது கவனிச்சிருக்கீங்களா? நேரே தெற்கே போறதில்லை. முதல்ல தென்கிழக்கா கடல்மேல போயி, அப்புறம்தான் தெற்கே வளையுது. ஏன்? நேரே போனா கீழே இலங்கை. அந்த வளைவுக்கு எரிபொருள் செலவாகுது, தூக்குற எடை குறையுது. இந்த நஷ்டம் வேணாம்னுதான் குலசேகரப்பட்டினத்துல 2024 பிப்ரவரி 28-ல புது ஏவுதளத்துக்கு அடிக்கல் போட்டாங்க. அங்கேர்ந்து சின்ன ராக்கெட்டுங்க நேராத் தெற்கே போகலாம். “பக்கத்து வீட்டுமேல அக்கறை”ன்னு அக்கா சொல்லுவாங்க. இருக்கட்டும். ஆனா அக்கறைக்குப் பின்னால ஒரு கணக்கும் இருக்கு. 1972-ல ஒரு உலக உடன்படிக்கை. இந்தியாவும் அதுல உண்டு. ஒரு நாடு விட்ட பொருள் இன்னொரு நாட்டு மண்ணுல விழுந்து சேதம் பண்ணினா, விட்ட நாடு கொடுத்தாகணும். யார்மேல தப்புன்னு நிரூபிக்கவே வேணாம். விழுந்ததா? கொடு. அவ்வளவுதான்.

ஏட்டுச் சுரைக்காயான்னு கேட்டா, இல்லை. 1978 ஜனவரியில சோவியத் யூனியனோட காஸ்மாஸ் 954 செயற்கைக்கோள் கனடாவுல விழுந்துச்சு. உள்ளே அணு உலை. உறைஞ்சு கிடந்த வடக்குப் பகுதியில கதிரியக்கத் துண்டுகளைப் பொறுக்கினாங்க. பனிப்போர் நடக்கிற காலம், பேச்சுவார்த்தையே கசப்பு. அப்படியும் கனடா 60 லட்சம் கனடா டாலர் கேட்டுது, 1981-ல 30 லட்சம் வாங்கிடுச்சு. பாதிதானேன்னு அண்ணன் சிரிக்கிறாரு. அண்ணே, சீட்டுப் பிடிச்சவன் ஓடிப்போனா நமக்குப் பாதி வருமா?

(மணி ஒண்ணு அடிச்சுட்டீங்க ஐயா. இன்னும் ரெண்டு நிமிஷம். ராக்கெட்டுக்கே கவுன்ட்டவுனை நிறுத்தி வைக்கிறாங்க.)

2023 ஜூலையில மேற்கு ஆஸ்திரேலியாவுல ஒரு கடற்கரையில ஆள் உயரத்துக்கு ஒரு உருளை ஒதுங்குச்சு. பி.எஸ்.எல்.வி.யோட மூணாவது கட்டமாத்தான் இருக்கணும்னு அந்த நாட்டு விண்வெளி அமைப்பே சொல்லிடுச்சு. நல்லவேளை, யாருக்கும் ஒண்ணும் ஆகலை. இந்தச் செய்தியை எங்க மாமாகிட்ட படிச்சுக் காட்டினேன். மாமா பழவேற்காட்டுக்காரர். ராக்கெட் விடுற அன்னிக்குக் கடலுக்குப் போகாதேம்பாங்க. வலையைக் காயப்போட்டுட்டு உட்கார்ந்திருப்பார். அவர் கேட்டாரு, “மாப்ள, அந்த உருளை ஆஸ்திரேலியாக்காரன் படகு மேல விழுந்திருந்தா?” “நம்ம அரசாங்கம் காசு கொடுக்கணும் மாமா.” “அதுவே என் வலையில விழுந்து வலை கிழிஞ்சா?”

தேடிப் பார்த்தேன் ஐயா. அதே 1972 உடன்படிக்கையில ஒரு ஷரத்து இருக்கு: ராக்கெட்டை விட்ட நாட்டோட சொந்தக் குடிமக்களுக்கு இது பொருந்தாது! ஊரான் வீட்டுப் புள்ளைக்குச் சோறு, சொந்தப் புள்ளைக்குத் திண்ணை. அவங்களுக்கு அவங்க நாட்டுச் சட்டம் பார்த்துக்கணும்ங்கிறது அதோட அர்த்தம். நம்ம நாட்டுச் சட்டம்? விண்வெளிச் செயல்பாடுகளுக்கு 2017-ல ஒரு வரைவு வந்துச்சு. 2023-ல ஒரு கொள்கை வந்துச்சு. கொள்கை வேற, சட்டம் வேற. கொள்கையைக் காட்டி மாமா யார் கதவையும் தட்ட முடியாது. இத்தனைக்கும் அரசாங்கம் மட்டுமா இப்ப ராக்கெட் விடுது? 2022-ல ஸ்கைரூட், 2024-ல நம்ம சென்னை அக்னிகுல், ரெண்டு தனியார் கம்பெனி ராக்கெட்டும் இதே ஸ்ரீஹரிகோட்டாவுலேர்ந்துதான் கிளம்பின. தனியார் விட்டது வெளிநாட்டுல விழுந்தாலும் பில்லு வர்றது இந்தியாவுக்கு. அந்தப் பணத்தை அந்தக் கம்பெனிகிட்டேர்ந்து எப்படி வாங்குறதுன்னும் ஒரு சட்டத்துல எழுதி வைக்கணுமா இல்லையா?

மாமா கோர்ட்டுக்குப் போகலாம், யாரும் தடுக்கலை. வருஷக்கணக்கா நடக்கலாம். ஆனா கனடாக்காரன் கையில இருந்த “விழுந்ததா? கொடு”ங்கிற அந்த ஒரு வரி, விண்வெளிக்குன்னே எழுதின சட்டமா அவர் கையில இல்லை.

எதிரணி அண்ணன் அடுத்துப் பேச வர்றாரு. மாமா முன்வரிசையிலதான் உட்கார்ந்திருக்காரு, அந்தப் பச்சைத் துண்டு. வலை கிழிஞ்சா யார்கிட்ட போறதுன்னு அறிவியல்ல ஒரு பதில் இருந்தா, அண்ணன் அவர்கிட்டயே நேரா சொல்லட்டும். நான் உட்கார்றேன், வணக்கம்.